நடுவரின் பை: உடம்பு கேட்பதும் கடை விற்பதும்

விசில், கைக்கடிகாரம், ஷூ, சாக்ஸ், காதுச் செருகி, அதிர்வுக் கொடி என்று நடுவர்களுக்காக விற்கும் பொருள்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன. இந்த மதிப்புரையில் அவற்றை ஒரே கேள்வியோடு பார்க்கிறோம். ஆட்டத்தின்போது நடுவரின் உடம்பில் எது முதலில் தேய்கிறது, அந்த இடத்தில் இந்தப் பொருள் கைகொடுக்கிறதா?

அப்படிப் பார்த்தால் வாங்கும் வரிசை தலைகீழாகிவிடும். பலர் முதலில் நல்ல கடிகாரம் வாங்குகிறார்கள், அடுத்து பெயர்போன விசில். காலுக்கு வீட்டில் கிடக்கும் பழைய பூட்ஸ், காதுக்கு ஒன்றுமே இல்லை. எங்கள் வரிசை கால், காது, தோல், கடைசியில் மணிக்கட்டு. ஓட்டம் அதிகம் என்பதால் கால்பந்து நடுவரை மையமாக வைத்திருக்கிறோம். கிரிக்கெட், கூடைப்பந்து, கைப்பந்து நடுவர்களுக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

உடம்பு செய்யும் வேலை

உயர்மட்டக் கால்பந்தில் மைய நடுவர் ஓர் ஆட்டத்தில் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை நகர்கிறார். அந்தத் தூரத்தைச் சீராக ஓடிவிடுகிறவர்கள் ஏராளம். நடுவரின் ஓட்டம் சீராக இருப்பதில்லை, கஷ்டம் அதில்தான். நடை, மெல்லோட்டம், பின்னோக்கி ஓட்டம், பக்கவாட்டு அடி, எதிர்த்தாக்குதல் கிளம்பினால் 40 மீட்டர் முழுவேகம், போய்ச் சேர்ந்ததும் சட்டென நின்று தலை ஆடாமல் பார்ப்பது. சில நொடிக்கு ஒருமுறை கால் வேறு வேலைக்கு மாறுகிறது. மூச்சு இரைக்கும்போதே அது தள்ளுதலா, நியாயமான உரசலா என்றும் முடிவு சொல்ல வேண்டும். வீரர் களைத்தால் மாற்று ஆள் இறங்குவார். நடுவர் காயம்பட்டால்தான் இன்னொருவர் வருவார், களைத்தால் வரமாட்டார். போதாததற்கு, பெரும்பாலான நடுவர்கள் களத்தில் ஓடும் வீரர்களைவிட வயதில் மூத்தவர்கள்.

ஃபிஃபாவின் உடற்திறன் தேர்வு இந்த வேலைக்கு நல்ல அளவுகோல். சர்வதேச ஆண் நடுவர் 40 மீட்டரை ஆறு முறை ஓட வேண்டும், ஒவ்வொன்றும் 6 நொடிக்குள், இடையில் 60 நொடி ஓய்வு. அது முடிந்து 6 முதல் 8 நிமிடத்தில் இரண்டாம் பகுதி: 75 மீட்டரை 15 நொடியில் ஓட்டம், 25 மீட்டரை 18 நொடியில் நடை. இதை 40 முறை செய்தால் 400 மீட்டர் தடத்தில் பத்துச் சுற்று. பெண்களுக்கு அதே தூரங்களுக்கு 6.4 நொடி, 17 நொடி, 20 நொடி.

ஆண்களுக்கான ஓட்டம் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம், நடை 5 கிலோமீட்டர். ஒரு சுழற்சிக்கு 33 நொடி என்றால் மொத்தம் 22 நிமிடம். இதில் தோற்கிற பலர் வேகம் போதாமல் தோற்பதில்லை. முதல் பத்து முறை 75 மீட்டரை 13 நொடியில் ஓடிவிட்டுக் கோட்டில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். அந்த இரண்டு நொடி மிச்சத்துக்காகச் செலவழித்த சக்தி திரும்புவதில்லை, 28வது, 30வது சுழற்சியில் கால் கல்லாகிவிடும். தேர்வில் நேரம் காட்ட ஒலிக்கும் ஒலிப்பதிவின் விசிலும் கால் கோட்டைத் தொடுவதும் ஒன்றாக நிகழும்படி ஓடப் பழக வேண்டும். 25 மீட்டர் நடையில் கையை இடுப்பில் ஊன்றாமல் தளர்வாக வீசி நடந்தால் அடுத்த ஓட்டம் இலகுவாகத் தொடங்கும்.

சர்வதேசத் துணை நடுவருக்குக் கூடுதலாக ஒரு தேர்வு உண்டு. 10 மீட்டர் முன்னோக்கி, 8 மீட்டர் இடப்பக்கம், 8 மீட்டர் வலப்பக்கம், மறுபடி 10 மீட்டர் முன்னோக்கி, ஆண்களுக்கு எல்லாம் 10 நொடிக்குள். அவர் வேலையின் வடிவமே அதுதான், அவர் உடம்பில் முதலில் இழுத்துக்கொள்வதும் அதனால்தான் கவட்டைத் தசை. கொடி பிடிக்கிறவருக்கும் விசில் ஊதுகிறவருக்கும் ஒரே ஷூவைப் பரிந்துரைக்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம்.

ஷூ: முதல் செலவு இங்கேதான்

வீரர் அணியும் பூட்ஸ் நடுவருக்குப் பொருந்தாது. வீரர் பந்தோடு திரும்புகிறார், எதிராளியோடு மோதுகிறார், அதனால் தரையை ஆழமாகப் பற்றும் ஸ்டட், அதாவது ஷூ அடியில் துருத்தி நிற்கும் முளை, அவருக்குத் தேவை. நடுவர் மோதுவதில்லை. அவருக்கு ஓட்டம் அதிகம், பின்னோக்கி அடி அதிகம், நின்ற இடத்தில் திரும்புவது அதிகம். ஆழமான ஸ்டட் மாட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடுகையில் குதிகால் பக்கத்து ஸ்டட் புல்லில் சிக்கினால் மல்லாக்க விழ நேரும். நின்ற காலில் உடம்பைத் திருப்பும்போது பாதம் திரும்பாமல் ஊன்றி நின்றால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகிறது.

காய்ந்த கடினத் தரைக்கும் செயற்கைப் புல்லுக்கும் எங்கள் முதல் தேர்வு, அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக அமைந்த டர்ஃப் ஷூ. எடை நாலாபக்கமும் பரவுவதால் 70வது நிமிடத்தில் உள்ளங்காலில் ஸ்டட் குத்தும் வலி வராது. நல்ல இயற்கைப் புல்லுக்கு, ஷூவின் அடிப்பாகத்தோடு சேர்த்து வார்த்த குட்டை ஸ்டட் போதும். திருகிப் பொருத்தும் உலோக ஸ்டட் மழையில் ஊறிச் சேறான களத்துக்கு மட்டுமே. அதைக் காய்ந்த தரையில் போட்டு ஓடினால் முன்பாதத்தில் இரண்டே நாளில் எலும்பு வலி வந்துவிடும்.

ஷூவைத் தேர்வு செய்யும்போது இவற்றைப் பாருங்கள். மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும், ஆட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஆட்டத்தில் அணியும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நிற்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், அந்த மிக நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை. ஷூவை இரு கையால் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதிகால் கிண்ணத்தை விரலால் அழுத்தினால் எளிதில் நசுங்கக் கூடாது. கடைசியாக, கடைக்குள்ளேயே பத்தடி பின்னோக்கி ஓடுங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். குதிகால் தூக்கிக்கொண்டு வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

நகம் கறுப்பதற்குப் பெரும்பாலும் ஷூ சிறியதென்று நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி நேரம் காரணம் லேஸ்தான். கணுக்கால் பக்கம் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை சட்டென நிற்கும்போதும் பாதம் முன்னே வழுக்கி விரல் நுனி சுவரில் இடிக்கிறது. மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லேஸின் ஒவ்வொரு முனையையும் அதே பக்கத்துக் கடைசித் துளையில் நுழைத்து ஒரு சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். புது ஷூ வாங்கும் முன் ஒரு ஆட்டம் இப்படிக் கட்டிப் பாருங்கள்.

ஆயுளைப் பற்றி. ஓட்டப் பயிற்சிக்கான ஷூவின் நடுமெத்தை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் உயிரிழந்துவிடும். வாரம் ஓர் ஆட்டமும் இரண்டு பயிற்சியும் சேர்ந்து 25 கிலோமீட்டர் என்றால், 26 வாரத்தில் 650. அடிப்பாகம் புதிதுபோல இருக்கும், மெத்தை செத்திருக்கும். பக்கவாட்டில் நுரைப்பகுதியைப் பாருங்கள். கிடைமட்டச் சுருக்கக் கோடுகள் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் திரும்பி வராமல் இருந்தால் முடிந்தது. முன்கால் எலும்பின் உட்புறம் காரணமில்லாமல் வலிக்கத் தொடங்குவதும் அதே செய்திதான். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றும் முழுதாகக் காய நேரம் கிடைக்கும். நனைந்த ஷூவை வெயிலில் காயவைக்காதீர்கள், பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். உள்ளட்டையை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் வையுங்கள்.

துணை நடுவர் தேட வேண்டியது வேறு: பக்கவாட்டு உறுதி. எல்லைக்கோட்டை ஒட்டிப் பக்கவாட்டாகப் போகும்போது பாதம் ஷூவின் வெளி ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது. மென்மையான பின்னல் துணி மேல்பாகம் இங்கே தோற்றுப்போகும், சில வாரத்தில் சுண்டுவிரல் பக்கம் துணி பிதுங்கிவிடும். உயரமான மெத்தை கொண்ட நெடுந்தூர ஓட்ட ஷூவும் கூடாது, பக்கவாட்டு அடியில் கணுக்கால் மடங்கும் வாய்ப்பு உயரத்தோடு கூடுகிறது.

சாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். நடுவர் சீருடைச் சாக்ஸ் பெரும்பாலும் மெல்லிய செயற்கை இழைதான், அதற்குள் ஒரு மெல்லிய கணுக்கால் சாக்ஸ் போட்டால் உரசல் தோலில் நடக்காமல் இரண்டு துணிக்கும் நடுவே நடக்கும். ஷூ அளவை அப்படிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இறுக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் ஓட்ட வேகத்தைக் கூட்டும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். ஆட்டம் முடிந்தபின் கெண்டைக்கால் வலியைச் சிலருக்குச் சற்றுக் குறைக்கிறது, அதற்கு மேல் இல்லை.

நின்றே வேலை செய்கிறவர்களுக்கு அதே சாக்ஸ் வேறு கதை. டெஸ்ட் கிரிக்கெட் நடுவர் ஒரு நாளில் ஆறு மணி நேர ஆட்டம், 90 ஓவர் நிற்கிறார். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் உள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு நின்று, கால் கனத்து, கணுக்கால் வீங்கும். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ள முழங்கால்வரைச் சாக்ஸ் இங்கே காசுக்கு மதிப்பான பொருள். காலையில் வீக்கம் ஏறும் முன்பே மாட்டிக்கொள்ள வேண்டும், மேல் விளிம்பு மடிந்து சுருளக் கூடாது, சுருண்டால் அதுவே கட்டுப்போட்டதுபோல ரத்தத்தை நிறுத்தும். ஓவருக்கு ஓவர் இடம் மாறும்போது நாலு முறை குதிகாலை உயர்த்தி இறக்குவது இதைவிட மலிவு, இதற்குக் குறையாத பலன்.

விசிலும் காதும்

பட்டாணி விசில் என்றால் உள்ளே கார்க் உருண்டை ஓடும் பழைய வகை. இதில் பெயர்பெற்றது பர்மிங்ஹாமில் ஜோசப் ஹட்சன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த ஆக்மி தண்டரர். ஒலி வளமானது, ஊதும் வலுவுக்கு ஏற்பக் குரல் மாறும். குறை ஒன்றே, ஆனால் பெரிய குறை: எச்சிலில் உருண்டை ஊறினால், தூசு போனால், மிக வேகமாக ஊதினால் உருண்டை ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் வரும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் இந்தச் சிக்கலுக்கு முடிவு கட்டத்தான் வடிவமைப்பாளர் சக் ஷெப்பர்டோடு சேர்ந்து உருண்டையே இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கினார். 1987இல் இண்டியானாபொலிஸில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளில் அது அறிமுகமானது. மூன்று அறைகள் சற்றே வேறுபட்ட மூன்று சுருதிகளை எழுப்ப, அவை ஒன்றோடொன்று மோதி அந்த நடுக்கம் பிறக்கிறது. அசையும் பாகம் இல்லாததால் சிக்க ஒன்றுமில்லை.

ஃபாக்ஸ் 40 கிளாசிக், நம்பகத்தன்மையில் முழு மதிப்பெண். மழையிலும் முழுப்பலத்தோடு ஊதும்போதும் குரல் அடைக்காது. அதிலும் வழி தவறும் இடங்கள் உண்டு. மேலே உள்ள திறப்புகளை விரல் மூடிவிட்டால் ஒலி செத்துவிடும், கையில் பிடிக்கும் கால்பந்து நடுவர்கள் இதைத்தான் அடிக்கடி செய்கிறார்கள். அறைகளில் எச்சில் தேங்கினால் சுருதி மங்கும், தலைகீழாக ஒருமுறை உதறினால் சரி. வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம், கொதிக்கவைத்தால் பிளாஸ்டிக் வளைந்து சுருதி போய்விடும். வெறும் பிளாஸ்டிக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினால் பல் எனாமல் தேயும். மென்மையான கடிபாகம் உள்ள வகையையே வாங்குங்கள், அந்த ரப்பரில் பல் தடம் ஆழமாகி வெடிப்பு விழுந்தால் மாற்றிவிடுங்கள், வெடிப்பில் அழுக்கு தங்கும்.

விசிலை வாயில் வைத்தபடி ஓடலாமா? கூடைப்பந்தில் அதுதான் வழக்கம், நொடியில் ஊத வேண்டும், கை சைகைக்குத் தேவை. கால்பந்தில் கூடாது. இதயம் நிமிடத்துக்கு 160 தாண்டித் துடிக்கும்போது மூக்கு வழி மூச்சு போதாது, வாய் திறந்தே ஆக வேண்டும். பந்து முகத்தில் பட்டால் விசில் பல்லை உடைக்கும். விரலில் மாட்டும் பிடி உள்ள விசிலை வாங்குங்கள், கழுத்துக் கயிறு ஓட்டத்தில் ஆடி மார்பில் அடிக்கும். கையிலிருந்து வாய்க்குப் போகும் அந்த அரை நொடியில் சாதகம் விடலாமா, அதாவது தவறு நடந்தும் பாதிக்கப்பட்ட அணிக்கே லாபமென்றால் ஆட்டத்தைத் தொடர விடலாமா என்று யோசிக்கவும் இடம் கிடைக்கிறது, அதை நாங்கள் குறையாகக் கருதவில்லை.

ஊதும் முறையிலும் மூச்சு மிச்சமாகும். கன்னத்தை உப்பி வயிற்றிலிருந்து தள்ளத் தேவையில்லை. நாக்கு நுனியால் விசிலின் வாயை அடைத்து, பின்னால் காற்றழுத்தம் சேர்த்து, நாக்கைச் சட்டென விலக்குங்கள். சின்னக் காற்றில் வெட்டினாற்போல ஒலி வரும். இதைப் பழகாதவர் 80வது நிமிடத்தில் ஊதினால் பாதி விசிலும் பாதி இரைப்புமாகக் கேட்கும். அந்த விசிலைக் கேட்டு வீரர்கள் நிற்க மாட்டார்கள்.

இனி, இந்த மதிப்புரையில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். ஃபாக்ஸ் 40 கிளாசிக்கின் ஒலி அளவு 115 டெசிபல் என்கிறது தயாரிப்பு நிறுவனம். உதட்டுக்கும் காதுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை, 85 டெசிபலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும் என்பது. 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 115 டெசிபலுக்கு 28 நொடி. ஓர் ஆட்டத்தில் 40 முறை, முறைக்கு அரை நொடி ஊதினால் 20 நொடி ஆயிற்று. அன்று இரண்டாவது ஆட்டமும் இருந்தால் அந்த நாளின் அளவு தாண்டிவிடும். மூடிய அரங்கில் சுவர் திருப்பி அனுப்பும் ஒலி தனி. காதில் ஓயாத ரீங்காரம் தொடங்கிய பிறகு அதை நீக்கும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

இதற்கு வாங்க வேண்டியது இசைக்கலைஞர்கள் அணியும் வடிகட்டிக் காதுச் செருகி. மஞ்சள் நுரைச் செருகி வேண்டாம், அது பேச்சையும் சேர்த்து அடைக்கும், வீரர் சொல்வதும் துணை நடுவர் அழைப்பதும் கேட்காமல் போகும். வடிகட்டி வகை எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ சமமாக 12 முதல் 16 டெசிபல் தாழ்த்துகிறது. கணக்குப் பாருங்கள்: காதுக்குள் உண்மையில் 15 குறைந்தால் 115 என்பது 100 ஆகிறது, 28 நொடி என்பது 15 நிமிடம் ஆகிறது. இந்தப் பையில் இவ்வளவு சின்ன விலைக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பு தரும் வேறு பொருள் இல்லை.

குறைகளும் உண்டு. காது அடைபட்டிருப்பதால் சொந்த மூச்சும் காலடியும் தலைக்குள் குடம்போல அதிரும். முதல் இரண்டு வாரம் பயிற்சியில் போட்டுப் பழகிவிட்டுத்தான் ஆட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாட்டும்போது எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் துளை நேராகும், அப்போது செருகுங்கள். இல்லையென்றால் பாதி நுழைந்து நின்று, பாதுகாப்பும் பாதிதான். அளவு இரண்டு காதுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வடிகட்டித் துளையில் காதழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் மந்தமாகும், மென்மையான தூரிகையால் துடையுங்கள், ஊசி போட்டுக் குத்தாதீர்கள்.

உரத்த விசில்தான் அதிகாரம் தரும் என்று 120 டெசிபல் வகையைத் தேடுகிறவர்களுக்கு: பெரும் கூட்ட இரைச்சல் உள்ள திறந்த மைதானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர் ஆட்டத்துக்கும் மூடிய அரங்கில் நடக்கும் பயிற்சி ஆட்டத்துக்கும் ஃபாக்ஸ் 40இலேயே 90 டெசிபல் அளவிலான பேர்ல் வகை இருக்கிறது. அது தாராளமாகப் போதும்.

தோலும் நீரும்

தொடை இடுக்கு உரசலைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, ஆனால் ஒரு நாளில் இரண்டு ஆட்டம் நடத்துகிறவரின் நடை மாறுவதற்கு முதல் காரணம் அதுதான். சீருடைக் கால்சட்டைக்குள் தொடைப்பாதி வரும் இறுக்கமான உள்ளாடை போடுங்கள், உள்தொடையில் தையல் வராத வகையாகப் பாருங்கள். வாசலினை ஆட்டத்துக்கு முன் தடவ வேண்டும், எரியத் தொடங்கிய பிறகு தடவிப் பயனில்லை. இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை அணிகிறவர்கள் அதன் கீழ் விளிம்பிலும் தடவுங்கள், ஆனால் மின்முனை படும் இடத்தில் தடவினால் துடிப்பு பதிவாகாது.

வெயில் களிம்பில் நெற்றிக்குக் குச்சி வடிவம் சிறந்தது, குழம்பு வகை வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி ஆஃப்சைடு பார்க்கும் நேரத்தில் எரிக்கும். தடவியபின் உள்ளங்கையைக் கழுவாமல் கொடியோ விசிலோ பிடிக்காதீர்கள், வழுக்கும்.

நீருக்குத் தனிப் பொருள் எதுவும் வேண்டாம், ஓர் எடைக்கருவி போதும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். இழப்பு உடல் எடையில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 70 கிலோ ஆளுக்கு அது 1.4 கிலோ. அதைத் தாண்டினால் இடைவேளை 15 நிமிடத்தில் குடிப்பது பற்றாது, ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடித்து ஏற்றியிருக்க வேண்டும். இடைவேளையில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் வயிற்றில் குலுங்கிப் பக்கவாட்டில் பிடிக்கும். எடை குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள், அதுவும் ஆபத்துதான்.

கடிகாரம், பட்டை, கொடி

நடுவர் கடிகாரத்திடம் கேட்க வேண்டியவை இரண்டே. ஓடிக்கொண்டே இருக்கும் நேரமும் நிறுத்தி ஓட்டும் நேரமும் ஒரே முகத்தில் பெரிய எண்ணில் தெரிய வேண்டும், 45 முடியும்போது மணிக்கட்டில் வலுவாக அதிர வேண்டும். தொடுதிரை மட்டுமே உள்ள கடிகாரம் வேண்டாம், வியர்த்த விரலுக்கு அது கேட்பதில்லை, மழைத்துளி பட்டுத் தானாக நின்றுவிடும். அழுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். ஒன்று மக்கர் செய்தாலும் ஆட்டம் கெடாதபடி மற்ற கையில் இன்னொரு சாதாரணக் கடிகாரம் இருக்கட்டும்.

இதயத்துடிப்பைப் பச்சை ஒளியால் மணிக்கட்டில் அளக்கும் கருவிகள் சீரான ஓட்டத்துக்கு நன்றாகவே இருக்கின்றன. நடுவரின் ஓட்டத்தில் அவை தடுமாறும். முழுவேக ஓட்டத்தில் துடிப்பு ஏறுவதைப் பின்தங்கிப் பதிவு செய்யும், கை வீச்சின் தாளத்தையே துடிப்பாக எண்ணிக்கொள்வதும் உண்டு. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி, நகராதபடி கட்டினால் பிழை குறையும். உண்மையான எண் வேண்டுமானால் நெஞ்சுப் பட்டைதான், மின்முனைகளை நீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள். உச்சத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு மிகத் தோராயமானது. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது மூத்தவர்களுக்கு இன்னும் பொருத்தம். 40 வயதில் இரண்டும் 180தான், 50 வயதில் முதலாவது 170, இரண்டாவது 173. ஆட்டத்தின்போது இந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம், மறுநாள் பார்த்துப் பயிற்சியைத் திட்டமிடத்தான் அது.

முழங்கால் உறை சூடு தரும், மூட்டைத் தாங்காது. ஏற்கெனவே கணுக்கால் பிசகியவருக்கு லேஸ் வைத்த கணுக்கால் கட்டு நிச்சயமாக வாங்கத் தகும். தொடைப் பின்தசைக்கென்று விற்கும் பட்டைகளுக்குச் செலவழிக்காதீர்கள். முழங்கால் மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சிக்குக் கருவியே தேவையில்லை. வாரம் இரண்டு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்றில் தொடங்குங்கள். முதல் வாரம் கடுமையாக வலிக்கும், ஆட்டத்துக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். கெண்டைக்காலுக்கு, படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை முழுதாக உயர்த்தி 25 முறை எண்ணிப் பாருங்கள். இரண்டு காலுக்கும் இடையே ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலவீனமான காலுக்கு அதுதான் பயிற்சி.

உயரத்தில் அமரும், நிற்கும் நடுவர்களுக்குப் பிரச்சினை கழுத்து. கைப்பந்தில் முதல் நடுவரின் கண் வலைக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும், ஆண்கள் வலை 2.43 மீட்டர். அந்த மேடையின் உயரத்தை மாற்ற முடியாவிட்டால் குட்டையானவர் அண்ணாந்தும் உயரமானவர் குனிந்தும் முழு ஆட்டத்தையும் ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே மேடை வாங்கும் சங்கங்கள் உயரம் மாற்றும் வசதியை முதலில் பாருங்கள், முன்னால் மெத்தை சுற்றியிருக்கிறதா என்பதையும்.

ஃப்ரீகிக்கின்போது வீரர்கள் நிற்க வேண்டிய கோட்டைப் புல்லில் வரையும், சற்று நேரத்தில் மறையும் நுரைத் தெளிப்பான் 2014 உலகக் கோப்பைக்குப் பின் பரவலாகிவிட்டது. அதன் டப்பாவை இடுப்பில் மாட்டும் உறையில்தான் கவனம் வேண்டும். பக்கவாட்டில் தொங்கினால் ஒவ்வொரு அடியிலும் தொடையில் இடித்து, அறியாமலேயே அந்தப் பக்க அடி குறுகும். முதுகுப் பின்னால், இடுப்பெலும்புக்கு மேலே, ஆடாமல் பொருந்தும் உறையை எடுங்கள்.

அதிர்வுக் கொடியில் துணை நடுவர் பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் மைய நடுவரின் மேற்கையில் கட்டிய பெறுவான் அதிரும், ஒலிக்கும். வீரர் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கும் நடுவர் ஒவ்வொரு சில நொடிக்கும் கழுத்தைத் திருப்பிக் கோட்டைப் பார்க்க வேண்டிய வேலையை இது குறைக்கிறது, எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பட்டையைச் சட்டைக் கைக்கு உள்ளே, வெறும் தோலில் கட்டுங்கள், துணிமேல் கட்டினால் ஓடும்போது அதிர்வு தெரியாது. மேற்கையில் தசை தடித்த இடத்துக்கு மேலே கட்டினால் சரிந்து இறங்காது. கொடியின் எடையும் பாருங்கள், மின்கலம் பிடியில் இருப்பதால் சாதாரணக் கொடியைவிடக் கனம், 90 நிமிடம் ஒரே கையில் தூக்கினால் தோள் இறுகும். ஓடும்போது கொடியைக் கீழ்நோக்கி விட்டு, நடுவர் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு கொடியையும் களத்தின் எதிர் மூலைகளிலிருந்து அழுத்திச் சோதியுங்கள், அறைக்குள் பக்கத்தில் நின்று சோதித்தால் எல்லாக் கொடியும் வேலை செய்யும்.